ஒரு மடி, இரு கயிறு

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், ஆலங்குடா போன்ற கடலோர ஊர்களை ஒட்டி, தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் நடைபெறும் கரைவலைத் தொழிலில், ஒரே சம்மாட்டியின், அதாவது வலை உரிமையாளரின், கீழ் வேலை செய்யும் ஆட்கள் இரு கூறாகப் பிரிந்து ஒரே வலையை இழுக்கின்றனர். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுப் புறப்படும் தோணி, கடலில் பெரிய அரைவட்டமாக வலையை வளைத்து, மற்றக் கயிற்றை வெகுதூரம் தள்ளிக் கரைசேர்க்கிறது. அதன்பின் இரு கயிற்றிலும் நிற்போர் தத்தம் பக்கத்தை இழுத்தபடியே ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து, மீன் திரளும் மடி கரையேறும் வேளையில் மீண்டும் ஒரே கூட்டமாகின்றனர். எந்த நேரத்தில் எந்தக் கயிற்றில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதில்தான் வலையின் நேர் இருக்கிறது; ஒரு பக்கத்தில் ஆள் குறைந்தால் மடி கோணிவிடும்.

மேற்கத்திய இசைக்குழுவில் வில் வாத்தியங்களை வாசிப்போரின் வரிசையும் இதே முறையில் பிரிந்து சேர்கிறது. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்னும் ஐந்து பகுதிகளில் ஒவ்வொன்றிலும் பலர் அமர்ந்து ஒரே சுரவரியை ஒருமித்து வாசிப்பது வழக்கம். பெரிய குழுவில் முதல் வயலினில் மட்டும் 16 பேர் வரை இருப்பர். இசையமைப்பாளர் ஒரு கட்டத்தில் அந்தப் பதினாறு பேரையும் எட்டு எட்டாகப் பிரித்து இரு வேறு சுரவரிகளைக் கொடுத்துச் சிறிது நேரங் கழித்து மீண்டும் ஒன்றாக்குகிறார். இப்படிப் பிரிப்பதற்கு இத்தாலிய மொழியில் டிவிசி என்று பெயர். தாளில் அது ‘டிவ்.’ என்றும், மீண்டும் சேரும் இடம் ‘யூனிஸ்.’ என்றும் சுருக்கி எழுதப்படும். இந்த இரு சிறு சொற்களையும் அவற்றுக்கு இடையே வரும் சுரங்களையும் கணினியில் எப்படிப் பிழையின்றி எழுதுவது என்பது, இசையை அச்சுக்குக் கொண்டுவரும் மென்பொருள்கள் நெடுங்காலம் தீர்க்க முடியாமல் தவித்த ஒரு சிக்கலாகும். தாளில் அச்சாவது சுரம், பிரிவதோ ஆட்கள் என்பதே அந்தச் சிக்கலின் வேர். சுரத்தை எழுதத் தெரிந்த மென்பொருளுக்கு ஆள் எண்ணத் தெரிந்திருக்கவில்லை.

தமிழர் இசைமரபில் ஆட்களைப் பிரித்து எழுதும் இந்தத் தேவை பிந்தியே எழுந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முதலானோரால் கர்நாடக இசைக்குள் வந்த வயலின், பாடகரின் குரலை நிழல்போலத் தொடரும் ஒற்றை வாத்தியமாகவே மேடையில் நிலைபெற்றது. ஒருவர் மட்டும் வாசிக்கும் இடத்தில் பிரிவதற்கு ஆள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராஜரின் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பிக்க முனைந்தபோதும், 1904 ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியபோதும், அவர்கள் எழுத வேண்டியிருந்தது ஒரே வரியில் ஓடும் இசையைத்தான். அந்த ஒரு வரியின் கமகங்களைத் தாளில் பிடிப்பதே போதுமான பெருவேலையாக இருந்தது.

வரிசையாக அமர்ந்து வயலின் வாசிக்கும் கூட்டத்தைத் தமிழர் காதுக்குப் பழக்கியது திரையிசை. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின், வியோலா, செல்லோ வாசிப்போர் ஒரே அறையில் அமர்ந்து வாசித்த பல பத்தாண்டுகளில், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, முழுக் குழுவுக்குமான இசையை வாத்தியத்தின் துணையின்றிக் கையால் எழுதுவதும், அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தாள் பிரதியெடுக்கப்படுவதும் நாள்தோறும் நடந்த வேலைகளாக இருந்தன. 1986 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு, வில் வாத்தியங்களின் பல வரிகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் நடையைத் திரைக்கு வெளியே தனி இசையாகத் தமிழ்க் கேட்போருக்குக் கொண்டுவந்தது. ஆனால் இசையமைப்பாளரும் வாசிப்போரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வரையில், தாள் சொல்லாமல் விட்டதை வாய் சொல்லிவிடும். மேல் வரியை யார் எடுப்பது, கீழ் வரியை யார் எடுப்பது என்பதை ஒரு கையசைவில் முடித்துவிடலாம்.

அந்த வசதி கடல் கடந்தவுடன் அற்றுப்போகிறது. 2005 ஆம் ஆண்டு வெளியான இளையராஜாவின் திருவாசக இசைத் தொகுப்புக்காக புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழு வாசித்தபோதும், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பனி அரங்கேறியபோதும், வாசித்தவர்கள் தமிழும் அறியாதவர்கள், சென்னைக் கூடங்களின் வாய்மொழி வழக்கமும் அறியாதவர்கள். இன்று தமிழ்த் திரையிசையின் வில் வாத்தியப் பகுதிகள் புடாபெஸ்ட், ஸ்கோப்யே போன்ற நகரங்களில் வாடகைக்கு அமர்த்தப்படும் குழுக்களால் வாசிக்கப்படும்போது, இசையமைப்பாளர் சென்னையில் இருந்தபடியே இணையவழியில் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. மணிக்கணக்கில் கூலி கணக்கிடப்படும் அத்தகைய கூடத்தில் தாள் முழுவதையும் தானே பேசியாக வேண்டும். ‘இந்த இரண்டு சுரத்தையும் ஒருவரே வாசிப்பதா, பிரித்து வாசிப்பதா’ என்ற ஒரு கேள்வி எழுந்தாலே நாற்பது ஐம்பது பேர் வில்லை மடியில் வைத்துவிட்டுக் காத்திருக்க நேர்கிறது.

அந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதை வயலினின் நான்கு தந்திகளைக் கொண்டு விளக்கலாம். மேற்கத்திய முறையில் சுருதி கூட்டிய வயலினின் தந்திகள், தடித்ததிலிருந்து மெல்லியதுவரை, ஜி, டி, ஏ, இ எனப்படும் நான்கு சுரங்களில் ஒலிக்கும். அடுத்தடுத்த இரு தந்திகளின் மீது வில்லை ஒருசேர இழுத்தால் இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும். இதை இரட்டைத் தந்தி வாசிப்பு எனலாம். தடித்த ஜி தந்தியைச் சட்ஜமாகக் கொண்டால் அடுத்த தந்தி பஞ்சமமாக அமையும். இப்போது ஸ்கோரில், அதாவது குழு முழுவதற்குமான இசை ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதப்பட்ட பிரதியில், அந்தச் சட்ஜமும் அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பஞ்சமத்துக்குக் கீழுள்ள எந்தச் சுரமும் தடித்த தந்தி ஒன்றில் மட்டுமே கிடைக்கும் என்பதால், இந்த இரண்டையும் ஒரே வயலினில் ஒரே நேரத்தில் ஒலிப்பிக்க எந்தக் கலைஞராலும் முடியாது. தாளில் குறிப்பு இல்லாவிட்டாலும் வாசிப்போர் தாமாகவே பிரிந்துகொள்வர். அதே சட்ஜத்தின்மேல் சதுச்ருதி தைவதம் எழுதப்பட்டிருந்தாலோ, முதலாவது திறந்த தடித்த தந்தியிலும் இரண்டாவது அடுத்த தந்தியிலும் எளிதாகக் கிடைப்பதால், ஒருவரே இரண்டையும் வாசிக்கலாம், இருவர் பிரித்தும் வாசிக்கலாம். இரண்டும் சரியே; இரண்டின் ஒலியும் வேறு. பத்துப் பேர் இரட்டைத் தந்தியில் வாசித்தால் ஒலி கனத்தும் சற்றுக் கரடாகவும் எழும். ஐவர் ஐவராகப் பிரிந்து வாசித்தால் மெலிந்து தெளிவாக வரும். எனவேதான் பிரிக்க விரும்பாத இசையமைப்பாளர்கள் ‘நான் டிவ்.’ என்று, அதாவது பிரிய வேண்டாம் என்று, வெளிப்படையாகவே எழுதிவைக்கின்றனர்.

பிரிப்பது என்று முடிவானபின் யார் எந்த வரிக்கு என்பது அடுத்த கேள்வி. வில் வாத்தியக்காரர் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட் என்ற கணக்கில் அமர்கின்றனர். தாள் வைக்கும் அந்தத் தாங்கியை இருவரும் பகிர்ந்துகொள்ள, பார்வையாளர் பக்கமாக வெளிப்புறம் அமர்ந்தவர் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கையில் உட்புறம் அமர்ந்தவர் பக்கத்தைத் திருப்புவார். இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வெளியாள் மேல் வரியையும் உள்ளாள் கீழ் வரியையும் எடுப்பது பொது வழக்கம் என்பதால் அங்கே குழப்பம் குறைவு. மூன்றாகப் பிரியும்போதுதான் கணக்கு இடிக்கிறது. பத்துப் பேர் ஐந்து ஸ்டாண்டுகளில் அமர்ந்திருக்கையில், ஆள் ஆளாக எண்ணி மூன்று வரிகளுக்கும் பகிர்ந்தால் 4, 3, 3 என்று ஓரளவு நிகராக வரும். ஸ்டாண்ட் ஸ்டாண்டாகப் பகிர்ந்தால் முதலாவதும் நான்காவதும் மேல் வரிக்கும், இரண்டாவதும் ஐந்தாவதும் நடு வரிக்கும் போக, கீழ் வரிக்கு மூன்றாவது ஸ்டாண்ட் ஒன்றே எஞ்சி, 4, 4, 2 என்றாகிவிடும். சுரக்கட்டின், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரங்களின், அடித்தளமாக இசையமைப்பாளர் எண்ணிய கீழ் வரி இருவரின் மெல்லிய ஒலியாகக் கரைந்துபோவதற்கு, ஸ்டாண்ட் கணக்கா ஆள் கணக்கா என்பதைத் தாளில் எழுதாமல் விட்டதே காரணமாகிறது.

ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் இந்த ஆள் கணக்கில் காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. 1850 ஆம் ஆண்டு வைமாரில் லிஸ்ட் நடத்த அரங்கேறிய வாக்னரின் ‘லோஹன்கிரின்’ இசைநாடகத்தின் முன்னிசை, நான்கு தனி வயலின்களும் எஞ்சிய வயலின்கள் நான்காகப் பிரிந்தும் எழுப்பும் உச்சத்தாயி ஒலியோடு தொடங்குகிறது. 1905 ஆம் ஆண்டு முதன்முதலாக வாசிக்கப்பட்ட டெபுசியின் ‘லா மேர்’, கடலைப் பற்றிய இசை, செல்லோக்களை நான்கு வரிகளாகப் பிரிக்கும் இடத்தில் பதினாறு செல்லோக்களைக் கோருகிறது. வரிக்கு நால்வர் இருந்தால்தான் அந்த அலையின் கனம் வரும் என்பது அவர் கணக்கு. 1961 ஆம் ஆண்டு அரங்கேறிய லிகெட்டியின் ‘அட்மோஸ்பியர்’ படைப்போ 56 வில் வாத்தியக்காரருக்கும் தனித்தனி வரி எழுதி, பகுதி என்ற எண்ணத்தையே கரைத்துவிட்டது. டெபுசியின் நான்கு செல்லோ வரிகளைப் பார்த்து, நான்கே செல்லோக்கள் உள்ள ஒரு குழுவுக்கு அதே போல எழுதும் மாணவர், வரிக்கு ஒருவராக நான்கு தனி ஆட்களுக்கே எழுதுகிறார். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கூடத்தில் ஒன்றுபோல ஒலிக்காது.

இனித் தாளின் வடிவத்துக்கு வரலாம். மேற்கத்திய இசை, ஐந்து கிடைக்கோடுகள் கொண்ட ஐங்கோட்டில் எழுதப்படுகிறது. சுரத்தைக் குறிக்கும் நீள்வட்டத் தலையிலிருந்து மேலோ கீழோ செல்லும் சிறு கோடு காம்பு எனப்படலாம். பிரிந்த இரு வரிகளும் ஒரே தாளநடையில் சென்றால் இரு தலைகளையும் ஒரே காம்பில் கோத்துவிடலாம். நடை சற்று வேறுபட்டால், மேல் வரிக்குக் காம்பு மேல்நோக்கியும் கீழ் வரிக்குக் கீழ்நோக்கியும் எழுதி, ஒரே ஐங்கோட்டுக்குள் இரு குரல்களாகக் காட்டலாம். அப்போது ஓய்வுக்குறிகளும் வில்லின் ஓட்டத்தைக் காட்டும் வளைகோடுகளும் இரு தடவை வரும். இரு வரிகளும் ஒன்றையொன்று கடந்து மேல் கீழாக மாறினாலோ, நடை முற்றிலும் வேறுபட்டாலோ, இரு ஐங்கோடுகளாகப் பிரித்து இடப்புறத்தில் அடைப்புக்கோட்டால் இணைப்பதே வாசிப்போருக்கு நல்லது. இந்தத் துறையில் இன்று பெரிதும் மதிக்கப்படும் கையேடான எலைன் கூல்டின் ‘பிஹைண்ட் பார்ஸ்’ 2011 ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்தகைய தேர்வுகளை அது வாசிப்போரின் கண்ணிலிருந்தே அணுகுகிறது.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டில் முளைகளை அடித்துச் சுரங்களைச் செதுக்கிய காலத்தில், எங்கே ஒரு ஐங்கோடு, எங்கே இரண்டு என்பதைச் செதுக்குபவரே முன்கூட்டிக் கணித்துவிடுவார். செதுக்கல் என்னும் அந்தக் கைத்தொழிலின் பெயரே இன்று மென்பொருள்களுக்கும் வழங்குகிறது. ஆனால் முதல் தலைமுறை மென்பொருள்கள், 1988 ஆம் ஆண்டு வெளியான ஃபினாலேயும் 1993 ஆம் ஆண்டு வெளியான சிபேலியஸும், ஒரு வாத்தியம் என்பது நூலின் முதற்பக்கம் தொட்டு இறுதிவரை ஓடும் ஐங்கோடு என்ற எண்ணத்தின் மேல் எழுந்தவை. நடுவில் ஒரு பக்கத்துக்கு மட்டும் முதல் வயலின் இரண்டாக வேண்டுமென்றால், தொடக்கத்திலிருந்தே ஒரு கூடுதல் ஐங்கோட்டை வைத்து, தேவையற்ற இடங்களில் அதை மறைத்துவிடும் தந்திரத்தையே பயனர்கள் கையாண்டனர். மறைக்கப்பட்ட ஐங்கோடு வெற்றாக இருப்பதால், அந்த இடங்களில் கீழ் வரியினர் என்ன வாசிக்கின்றனர் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அவர்களுக்கான தாளைத் தனியே பிரித்தெடுத்தால் பல பக்கங்கள் வெறும் ஓய்வுக்குறிகளாக வந்து நிற்கும். ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதில் இத்தகைய தந்திரங்களால் எழுதப்பட்ட இசையை வேறு மென்பொருளுக்கு மாற்றுவோர் மறைந்த ஐங்கோடுகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கிறது.

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் சங்கீதம் பயின்று கணினியில் இசை எழுத முனையும் ஆலங்குடா மாணவர் ஒருவருக்குச் செலவின்றிக் கிடைப்பவை மியூஸ்ஸ்கோரும் லிலிபாண்டும். மியூஸ்ஸ்கோரில் சுட்டியால் சுரங்களை நேரே ஐங்கோட்டில் இடலாம். ஒரு ஐங்கோட்டுக்குள் நான்கு குரல்கள் வரை அது இடமளிக்கிறது என்பதால், எளிய பிரிவுகளுக்கு அதுவே போதும். 1996 ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஹான்-வென் நியன்ஹுய்ஸும் யான் நியூவென்ஹுய்சனும் தொடங்கிய லிலிபாண்டில் திரையில் ஐங்கோடே தோன்றாது. சுரங்களைச் சாதாரண எழுத்துகளாகத் தட்டெழுதினால் மென்பொருள் அவற்றைப் படித்து அச்சுப்பக்கத்தை ஆக்கித் தரும். பழைய கணினியிலும் ஓடக்கூடிய, ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பக்கூடிய அளவுக்குச் சிறிய அந்தக் கோப்பு, பிரிந்த வரிகளை எழுதுவதில் எதிர்பாராத அளவுக்கு ஆழமான வசதியைத் தருகிறது.

லிலிபாண்டில் மேல் வரியையும் கீழ் வரியையும் தனித்தனியே முழுமையாக, சேர்ந்து வாசிக்கும் இடங்கள் உட்பட, எழுதிக் கொடுக்கலாம். ‘பார்ட் கம்பைன்’ என்னும் கட்டளை இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்த இடங்களில் ஒரே வரியாகவும் வேறுபடும் இடங்களில் இரு குரல்களாகவும் ஒரே ஐங்கோட்டில் இணைக்கிறது. இங்கேதான் ஒரு பெரும் பொறி காத்திருக்கிறது. புல்லாங்குழல் முதலிய காற்று வாத்தியங்களை மனத்தில் கொண்டு அமைந்த அந்தக் கட்டளை, இரு வரிகளும் ஒன்றாகும் இடத்தில் தானாகவே ‘அ 2’ என்று அச்சிடும். இரண்டு குழல்காரரும் இதையே வாசிக்க என்பது அதன் பொருள். வில் வாத்தியக்காரருக்கோ அதே குறி ‘டிவ். அ 2’ என்பதன் சுருக்கமாக, இரண்டாகப் பிரிக என்று, நேர் எதிரான பொருளைக் கொடுக்கக்கூடும். சேர வேண்டிய இடத்தில் பிரியச் சொல்லும் தாளை மென்பொருள் எந்தத் தயக்கமுமின்றி அச்சிட்டுவிடும். அந்த இயல்புச் சொல்லை ‘யூனிஸ்.’ என்று மாற்றவும், பிரியும் இடத்தில் ‘டிவ்.’ என்று எழுதவும் வழியுண்டு. செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஒரு வரிக் கட்டளையில் முடிகிற வேலை.

இரு ஐங்கோடுகளாகப் பிரிய வேண்டிய இசைக்கு லிலிபாண்ட் வேறொரு வழியை வைத்திருக்கிறது. ஒரே இசை மூன்று ஐங்கோடுகளுக்கு ஊட்டப்படுகிறது: மேல் வரிக்கு ஒன்று, கீழ் வரிக்கு ஒன்று, இரண்டும் இணைந்த வடிவுக்கு ஒன்று. பிரித்துக் காட்ட வேண்டிய சுரங்களை எழுதுபவர் குறித்துவிட்டால், பக்கத்தில் அச்சாகும் ஒவ்வொரு கிடைவரிசையிலும் அத்தகைய சுரம் ஒன்றேனும் உண்டா என்று மென்பொருள் பார்க்கிறது. இருந்தால் பிரிந்த இரண்டும் சேர்ந்தே உயிரோடு நிற்க, இணைந்த வடிவம் விலகிக்கொள்கிறது. இல்லையென்றால் இணைந்த வடிவம் மட்டும் நிற்கிறது. தாளின் அளவை மாற்றினாலும், வரிசைகள் வேறு இடங்களில் முறிந்தாலும், கணிப்பு தானாக மீண்டும் நடக்கிறது. பழைய செதுக்குநர் மனத்தில் போட்ட கணக்கு இப்படி ஒரு விதியாக வடிக்கப்பட்டிருப்பது மிகுந்த பாராட்டுக்குரியது.

ஆள் கணக்கை அடிப்படையாகவே ஏற்றுக்கொண்டு எழுந்தது டோரிகோ. சிபேலியஸ் மென்பொருளை உருவாக்கிவந்த லண்டன் குழு 2012 ஆம் ஆண்டு கலைக்கப்பட்டபின், அக்குழுவினர் பலரை ஸ்டைன்பெர்க் நிறுவனம் சேர்த்துக்கொள்ள, டேனியல் ஸ்பிரெட்பரியின் முன்னெடுப்பில் உருவாகி 2016 ஆம் ஆண்டு வெளிவந்த இந்த மென்பொருள், ஐங்கோட்டை முதலில் கேட்பதில்லை. வாசிப்பவர் யார் என்று கேட்கிறது. தனி வாத்தியக்காரர், பகுதி வாத்தியக்காரர் என்று இரு வகையினரை அது வேறுபடுத்துகிறது. பலர் கூடிய பகுதியை மட்டுமே பிரிக்க அனுமதிக்கும், தனி ஆளைப் பிரிக்க விடாது. குறிப்பிட்ட சுரத்தைத் தெரிந்து அங்கிருந்து பகுதியை இரண்டாகவோ, ஒரு தனி வயலினும் எஞ்சியோருமாகவோ பிரிக்கலாம். கிடைவரிசையின் நடுவில் பிரிவு தொடங்கினால், அந்த வரிசையின் தொடக்கத்தில் அனைவரும் ஒன்றாக வாசிக்கும் சுரங்கள் இரு ஐங்கோடுகளிலும் தாமாகவே நிரம்பிவிடும். இந்த வசதி விலைக்கு வாங்கும் முழுப் பதிப்புக்கு உரியது என்பதால் பலருக்கு எட்டாது. எனினும் பிரிவை ஐங்கோட்டின் தந்திரமாகப் பார்க்காமல் ஆட்களின் நிலையாகப் பார்த்த அந்தப் பார்வை, எந்த மென்பொருளில் எழுதுபவருக்கும் வழிகாட்டும்.

எழுதியதைக் கணினி உடனே ஒலித்துக் காட்டுவது இக்காலத்தின் பெரும் வசதியும் பெரும் மயக்கமும் ஆகும். பதினாறு வயலின்கள் ஒன்றாக வாசித்துப் பதிவான ஒலியைக் கொண்டு மென்பொருள் ஒவ்வொரு சுரத்தையும் ஒலிக்கிறது. ஐங்கோட்டில் இரண்டு சுரங்களை எழுதினால் முப்பத்திரண்டு பேரும், நான்கு எழுதினால் அறுபத்து நான்கு பேரும் வாசிப்பதைப் போன்ற நிறைவு எழும். உண்மையில் பகுதி பிரியப் பிரிய ஒவ்வொரு வரியும் மெலிகிறது. கணினியில் பிரியப் பிரியக் கனக்கிறது. விசைப்பலகையில் வயலின் ஒலியை வைத்துப் பத்து விரலாலும் அழுத்திக் கட்டிய சுரக்கட்டை அப்படியே எட்டு வயலின்களுக்கு எழுதிக் கொடுக்கும் இளம் இசையமைப்பாளர், கூடத்தில் ஒலி வற்றிப்போவதைக் கண்டு வாசித்தவர்களைக் குறைகூறுவதில் நியாயமில்லை. பிரிந்த சிறு கூட்டங்களாகவே பதிவுசெய்யப்பட்ட ஒலித் தொகுப்புகளும் விற்பனையில் உண்டு. அவை கிடைக்காதவர், பிரியும் இடங்களில் ஒலியளவைக் கையால் குறைத்துக் கேட்பது ஓரளவு உண்மையை உணர்த்தும்.

ஸ்கோரிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் எடுக்கப்படும் தனிப்பிரதிதான் கடைசியில் வாசிப்போரின் கண்முன் இருப்பது. முதற்புல்லாங்குழலுக்கும் இரண்டாம் புல்லாங்குழலுக்கும் தனித்தனித் தாள் கொடுப்பது முறை. அதே பழக்கத்தில் மேல் வயலின் வரியையும் கீழ் வயலின் வரியையும் இரு தாள்களாகப் பிரித்தெடுத்தால் வேலை கெடும். வெளியாளும் உள்ளாளும் ஒரே ஸ்டாண்டை, ஒரே தாளைப் பார்ப்பவர்கள். இரு வரிகளும் அந்த ஒரு தாளிலேயே, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே இடத்தில் பக்கம் முடியுமாறு இருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பும் உள்ளாள் வாசிப்பதை நிறுத்தியாக வேண்டும் என்பதால், கீழ் வரி மட்டுமே ஒலிக்கும் இடத்தில் பக்கம் முடிந்தால் அந்த வரியின் ஆட்கள் அனைவரும் ஒருசேர மௌனமாகிவிடுவர். எந்த மென்பொருளும் இதைத் தானாக அறிந்து பக்கத்தை முறிப்பதில்லை. எழுதுபவர்தான் தாளைக் கையில் எடுத்துத் தாமே திருப்பிப் பார்க்க வேண்டும்.

குறிப்புச் சொற்கள் இத்தாலிய மொழியிலேதான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. புடாபெஸ்ட்டுக்கோ லண்டனுக்கோ போகும் தாளில் இத்தாலியச் சொற்களே பொருந்தும். அவை எந்த நாட்டு வாசிப்பாளருக்கும் பொதுவானவை. ஆனால் தமிழ் மாணவர் பத்துப் பேர் கூடி வாசிக்கும் தாளில் ‘பிரிந்து’ என்றும் ‘ஒருமித்து’ என்றும் எழுதுவதற்குத் தடையேதுமில்லை. லிலிபாண்ட் தமிழ் எழுத்துகளை உருக்குலையாமல் அச்சிடும், இயல்புச் சொற்களை மாற்றிக்கொள்ளவும் இடந்தரும். உடப்பு என்னும் கடலோர ஊரில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஒருமித்துத் தொடுப்பதை அறிந்த பிள்ளைக்கு, அந்தச் சொல் எதைச் செய்யச் சொல்கிறது என்பதை விளக்கவே தேவையிராது.

எழுதி முடித்த ஸ்கோரைச் சரிபார்ப்பதற்குப் பென்சிலும் பொறுமையும் போதும். பிரிவு தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வரியின் மேலும் அதை வாசிக்கும் ஆட்களின் எண்ணிக்கையைச் சிறிதாக எழுதிக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்திலும் கூட்டுத்தொகை பகுதியின் மொத்த எண்ணிக்கைக்குச் சமமாக வர வேண்டும். பத்துப் பேரில் ஐவர் மேல் வரியில் தொடர, கீழ் வரி முடியும் இடத்தில் ‘யூனிஸ்.’ என்ற சொல் விடுபட்டிருந்தால், எஞ்சிய ஐவரும் அடுத்த குறிப்பு வரும் வரையில் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பர். பென்சில் கணக்கில் அந்த இடம் பத்துக்குப் பதிலாக ஐந்து என்று நிற்கும்.